பிசிறு எடுக்கும் அக்காவிடம் கேட்டீர்களா? அம்பத்தூர் எஸ்டேட் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

இந்த எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஐடிஐ முடித்த கையோடு டர்னராகச் சேர்ந்தேன். அப்புறம் செட்டர் (அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்து கொடுப்பவர்), ஷிப்ட் சூப்பர்வைசர், கடைசி ஒன்பது வருடம் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். மொத்தம் நான்கு கம்பெனி. நான்கும் உங்களில் பலருடைய பட்டறை மாதிரிதான்: ஏழெட்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின்), இரண்டு பழைய லேத், பின்பக்கம் டிரில்லிங், மூலையில் பிசிறு (வெட்டிய ஓரத்தில் ஒட்டி நிற்கும் உலோகத் துணுக்கு) எடுக்கிற மேசை, வாசலில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் குட்டியானை. கார் கம்பெனிக்கு நேரடி சப்ளை கிடையாது. அவர்களுக்குச் சப்ளை செய்கிறவர்களுக்கு நாம் சப்ளை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து கடிதம் வரும். கம்பி விலையும் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகும். பில் பாஸ் ஆகிப் பணம் கைக்கு வருவதற்குள் மூன்று சம்பள நாள் வந்து போய்விடும். இந்த நெருக்கடியில் பட்டறைக்குள்ளேயே வீணாகிற காசைப் பிடிப்பதுதான் நம் கையில் மிச்சமிருக்கிற வழி. அதில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதைப் பிடிக்க நாம் போகிற வழி தப்பாக இருக்கிறது. முப்பது வருடம் அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு கைசன் போர்டு, அதாவது செய்த சின்னச் சின்ன முன்னேற்றங்களைக் காட்டும் பலகை, தொங்குகிறது. தரையில் மஞ்சள் கோடு. ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு போட்டோ. கீழே இருக்கிற தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் கடைசியாக ஆடிட் வந்த வாரமாக இருக்கும். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி நடப்பது எனக்குத் தெரியும், பல தடவை நானே நின்று நடத்தியிருக்கிறேன். ரிஜெக்ட் ஆன பீஸ்களைச் சாக்கில் கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடுவோம். கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்போம். “யாராவது எதையாவது கேட்டா இன்சார்ஜ் சாரைக் கேளுங்கன்னு சொல்லு” என்று ஆபரேட்டர்களுக்குச் சொல்லிவைப்போம். ஆடிட் முடிந்த மறுநாள் சாக்கு கீழே இறங்கும். மூன்றாவது வருடமும் அதே சாக்கை இறக்கியபோது ஹெல்பர் பையன் ஒருவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அன்றைக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த இரண்டாவது கம்பெனியில் ஒரு புஷ் (குழல் மாதிரியான சின்ன பாகம்) ஓடிக்கொண்டிருந்தது. டர்னிங் முடிந்து வரும்போது அதன் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரம் வைத்துத் தேய்த்து எடுக்க இரண்டு பெண்கள், நாள் முழுக்க அதே வேலை. ‘பிசிறு எடுத்தல்’ என்று பிராசஸ் ஷீட்டிலேயே ஏறிவிட்ட வேலை அது. ஒரு வேலை ஷீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. நான் அந்த மேசைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாவுக்கு முன்னால் இரண்டு குவியல் இருந்தது.

“என்னக்கா, ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கீங்க?”

“இது பகல்ல ஓட்டினது சார். முடி மாதிரி இருக்கும், ஒரே இழுப்புல வந்துடும். இது நைட்டு ஓட்டினது. தடியா நிக்கும், நாலு தடவ தேய்க்கணும். கலந்து வெச்சா கை கணக்கு தப்பிடுது, அதான்.”

“எவ்ளோ நாளா இப்படி வருது?”

“நான் வந்ததுலேர்ந்தே அப்படித்தான். நாலு வருஷம் ஆச்சு.”

“சொல்லவே இல்லையேக்கா?”

“யாரும் கேக்கலையே சார்.”

அன்று ராத்திரி ஷிப்டுக்கு நானும் நின்றேன். நைட்டில் பிசிறு ஏன் தடிக்கிறது? இன்சர்ட் (உலோகத்தை வெட்டுகிற, கழற்றி மாற்றும் சில்லு) முனை மழுங்கிப்போய் ஓடுகிறது. ஏன் மாற்றவில்லை? ஸ்டோர்ஸ் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறது. ஏன் ராத்திரிக்கு நாலு இன்சர்ட் வெளியே வைக்கவில்லை? எப்போதோ ஒரு பெட்டி காணாமல் போனதாம். அன்றைக்கு முதலாளி, பழசைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புதுசு என்று சட்டம் போட்டுவிட்டார். அந்த ஸ்டோர்கீப்பர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது, சட்டம் மட்டும் அங்கேயே இருந்தது. நானூறு பீஸுக்கு ஒரு முனை மாற்ற வேண்டிய இடத்தில், விடியும்வரை ஒரே முனையில் எழுநூறு, எண்ணூறு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு இன்சர்ட் இருநூற்றுச் சொச்சம் ரூபாய், அதில் நான்கு முனை. அந்த ஐம்பது ரூபாய் முனையைக் காப்பாற்ற நான்கு வருடமாக இரண்டு பேருடைய சம்பளத்தைக் கொட்டியிருக்கிறோம். அவர்கள் விரல் தேய்ந்ததற்குக் கணக்கே இல்லை.

நாங்கள் செய்தது மிகச் சின்ன வேலை. நைட் செட்டர் பொறுப்பில் ஒரு தகர டப்பா, அதில் ஐந்து இன்சர்ட், மெஷின் பக்கத்தில் பீஸ் எண்ணிக்கை எழுத ஒரு அட்டை. ஒரு மாதத்துக்குள் பிசிறு வேலை ஒரு ஆளுக்கு அரை நாள் வேலையாகச் சுருங்கியது. மிச்சமான நேரத்தில் அந்த அக்கா கையில், அளவு சரியா தப்பா என்று காட்டும் கோ, நோகோ கேஜைக் கொடுத்து இன்ஸ்பெக்‌ஷன் கற்றுக்கொடுத்தோம். பீஸை விரலில் உருட்டிப் பார்த்தே எந்த மெஷினில் ஓடியது என்று சொல்பவருக்கு அது ஒரு வாரப் பாடம்தான்.

ஏன், ஏன் என்று அடி வரைக்கும் போகும் இந்தப் பழக்கத்தை டொயோடாக்காரர்கள் ஐந்து ‘ஏன்’ என்பார்கள். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் சக்கிச்சி டொயோடா கார் செய்தவரே இல்லை, தறி செய்தவர். இழை அறுந்தால் தானாக நின்றுவிடும் தறி அவருடையது. 1924இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி 1929இல் காசு கொடுத்து வாங்கியது. இழை அறுந்த பிறகும் ஓடுகிற தறியால் யாருக்கு என்ன லாபம் என்பது காஞ்சிபுரத்திலும் சின்னாளப்பட்டியிலும் தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பட்டறையில் மட்டும் மெஷினை நிறுத்தினவனுக்குத்தான் திட்டு விழுகிறது.

இப்போது மூன்றாவது கம்பெனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

அங்கே ஒரு செட்டர் இருந்தான், இருபத்தைந்து வயது. ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாப் ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். அவனே ஒருநாள் போனைத் தூணில் கட்டி, தான் வேலை செய்வதை வீடியோ எடுத்துப் பார்த்தான். பாதி நேரத்துக்கு மேல் நடையிலேயே போயிருந்தது: பீஸைப் பிடிக்கும் ஜா எடுக்க டூல் ரூம், ஸ்பானர் தேடி அடுத்த பே, முதல் பீஸ் செக் பண்ண இன்ஸ்பெக்டரைத் தேடி ஆபீஸ். பழைய ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்து ஒரு டிராலி செய்தான். முன் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஜாபுக்கு வேண்டியதெல்லாம் டிராலியில் ஏறி மெஷின் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிஷமானது. ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற இன்ஜினியர் இதே வழியில், மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை வெளியே எடுத்துவிட்டு, 1969இல் டொயோடாவின் ஆயிரம் டன் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்றும் நேரத்தை நான்கு மணியிலிருந்து ஒன்றரை மணியாகவும், பிறகு மூன்று நிமிஷமாகவும் இறக்கினார். அந்தப் பேரை நம் பையன் கேள்விப்பட்டதே இல்லை.

போர்டில் அவன் போட்டோ ஏறியது. கைதட்டி ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். அடுத்த மாதம் டார்கெட் ஏறியது. ஓவர்டைம் நின்றது. செட்டிங்கில் அவனுக்குக் கூடமாட இருந்த கான்ட்ராக்ட் பையனை, “இப்பத்தான் சீக்கிரம் முடியுதே” என்று கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையனும் இவனும் மண்ணூர்பேட்டையில் ஒரே ரூமில் தங்கியிருந்தார்கள்.

அதற்கப்புறம் அந்தச் செட்டர் வாயே திறக்கவில்லை. அவன் மட்டுமில்லை, ஷாப்பில் யாருமே திறக்கவில்லை. ஆறு மாதத்தில் செட்டிங் மறுபடி இரண்டு மணி நேரத்துக்குப் போய்விட்டது. டிராலியில் டீ கிளாஸ் வைத்தார்கள். அந்த முடிவை எடுத்த மீட்டிங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

“ஆளுங்க ஐடியாவே குடுக்க மாட்டேங்கறாங்க” என்று உங்களில் எத்தனையோ பேர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறீர்கள். தான் சொல்லும் ஐடியா பக்கத்தில் நிற்பவன் சோற்றில் கை வைக்கும் என்றால் எவன் சொல்வான்? அவன் மட்டம் தட்டிப் பேசுகிறவனுமில்லை, சோம்பேறியுமில்லை. ஒருமுறை பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

நாம் உதாரணம் காட்டும் டொயோடாவே இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் படித்தது. போருக்குப் பிறகு கம்பெனி திவாலாகிற நிலைக்கு வந்து, 1950இல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று போய், கடைசியில் கார் கம்பெனியைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடாவே பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டம் அங்கே தொடங்கியது அதற்கு அடுத்த வருடம், 1951இல். அதுவும் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தது. 1962இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நம்பி நடப்போம் என்று கூட்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாம் அங்கிருந்து போர்டையும் பெயின்டையும் கொண்டுவந்தோம், அந்தக் கையெழுத்தைக் கொண்டுவரவில்லை.

இன்னொன்றும் ஜப்பானில் நடந்தது. ஆள் மறந்தாலும் பீஸ் தப்பாகப் போகாதபடி பீஸைப் பிடித்து வைக்கும் பிக்ஸரிலேயே ஒரு தடை வைக்கும் முறைக்கு முதலில் ‘பாக்கா யோக்கே’ என்று பேர் வைத்திருந்தார்கள். முட்டாளுக்கும் தப்பாத வழி என்கிற மாதிரி அர்த்தம். 1960களில் ஒரு கம்பெனியில் அதை விளக்கும்போது, லைனில் இருந்த ஒரு பெண் “நான் அவ்வளவு முட்டாளா” என்று அழுதுவிட்டாராம். ஷிங்கோ அந்தப் பேரையே மாற்றி, தவறிப்போவதைத் தடுப்பது என்று அர்த்தம் வரும் ‘போக்கா யோக்கே’ ஆக்கினார். ஒரு பெண் அழுததற்காகத் தொழில்நுட்பத்தின் பேரே மாறியிருக்கிறது. நம் ஷாப்களில் ஹெல்பரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

சரக்கு விஷயம். டொயோடாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ ஏழு வகை வீண் என்று பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்து நிற்பது, சாமானை இங்குமங்கும் தூக்கிப் போவது, வேண்டாத வேலையைக் கூட்டிச் செய்வது, குவித்து வைப்பது, ஆள் வீணாக நடப்பதும் குனிவதும், ரிஜெக்‌ஷன். இதில் தேவைக்கு மேல் செய்வதைத்தான் அவர் எல்லாவற்றிலும் மோசம் என்றார், மற்ற எல்லா வீணையும் அது மூடி மறைத்துவிடும் என்பதால். அந்த வரி எனக்கு 2015 டிசம்பரில்தான் புரிந்தது. மெஷின் சும்மா நிற்கக்கூடாது என்று ஓட்டி ஓட்டி, ஆறு வாரத்துக்கான சரக்கைத் தரையில் அடுக்கியிருந்தோம். வெள்ளம் வடிந்து ஷட்டரைத் திறந்தபோது எல்லாம் சேறும் துருவும். கீழ் அடுக்கில் இருந்த பெட்டிகளைப் பிரித்தால், டிசைன் மாறி யாருக்கும் வேண்டாமல் போன பீஸ்கள். மழை வராமல் இருந்திருந்தாலும் அவை ஸ்க்ராப்தான். 2023இல் மிக்ஜாம் புயலில் எஸ்டேட் மறுபடி மூழ்கியபோது வேறொரு கம்பெனியில் இருந்தேன். அங்கே பத்து நாள் சரக்குதான், அதுவும் ரேக்கில். மோட்டார்கள் போயின. சரக்கு பிழைத்தது.

கம்ப்ரசரைப் பற்றி ஒரு வார்த்தை. பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் தள்ளும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடும். பகலில் மெஷின் சத்தத்தில் அது கேட்காது. சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களை நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு நடந்து பாருங்கள், பாம்பு சீறுகிற மாதிரி ஏழெட்டு இடத்தில் கேட்கும். சோப்புத் தண்ணீரும் டெஃப்ளான் டேப்பும் இருந்தால் பாதியை அன்றைக்கே அடைத்துவிடலாம். எங்கே சீறுகிறது என்று அந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நமக்கு எங்கே என்பீர்கள். இந்தியாவிலேயே முதன்முதலாக தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, பக்கத்திலிருக்கும் பாடியில்தான் இருந்தது. 1998இல் வாங்கினார்கள். நம் ஆட்கள் பிறந்து வளர்ந்த அதே தெருக்களிலிருந்து போனவர்கள்தான் அங்கேயும் மெஷினில் நின்றார்கள். செலவுதான் தடை என்றால், சிறு குறு தொழில்களுக்கான மத்திய அரசின் லீன் (வீணைக் குறைக்கும்) திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. கன்சல்டன்ட் வைத்துச் செய்யும் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். இப்போதும் நடக்கிறதா என்று விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் கன்சல்டன்ட் வந்ததும் ஏசி ரூமில் உட்கார வைத்து பிரசன்டேஷன் பார்க்காதீர்கள். முதல் நாள் முழுக்க ஷாப்பில் விடுங்கள், நைட் ஷிப்டிலும் ஒரு நாள் நிற்கச் சொல்லுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது முக்கியமாக ஒன்றுதான். எந்த முன்னேற்றத்தால் வேலை குறைந்தாலும், அதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஷாப்பில் ஒட்டுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எழுதுங்கள், அவர்களை விட்டுவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. ஆர்டரே இல்லாமல் போகும் காலம் வரலாம், அது வேறு கதை, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மிச்சமான ஆளை என்ன செய்வது என்கிறீர்களா? நல்ல செக்கிங் ஆள் கிடைக்கவில்லை, செட்டர் கிடைக்கவில்லை என்று தினமும் தேடிக்கொண்டிருப்பது நீங்கள்தானே. மிச்சமாகிற காசில் ஒரு பங்கை யோசனை சொன்னவருக்கும் அவரோடு நின்றவர்களுக்கும் கொடுங்கள், டிபன் கேரியராக இல்லாமல் சம்பளத்தில்.

யோசனைப் பெட்டியை எடுத்துவிடுங்கள். இங்கிலீஷில் அச்சடித்த படிவத்தை யாரும் நிரப்பப் போவதில்லை. இன்றைக்கு ஷாப்பில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். மெஷினோடு எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அந்தப் பையன்களுக்குத் தெரிந்தது அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. போனில் ஒரு குரல் பதிவு போதும், ஒரு போட்டோ போதும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் எல்லா ஷாப்பிலும் இருப்பார். வந்த யோசனைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பதில் வராத யோசனைக்கு அடுத்த யோசனை வராது, இதை நான் கண்ணால் பார்த்தவன்.

ஆயுத பூஜை வருகிறது. வருடத்தில் அந்த ஒருநாள்தான் நம் பட்டறைகளில் மெஷினுக்கு அடியில் வரைக்கும் துடைப்போம். கூலன்ட் டேங்கைக் காலி செய்வோம், கவரைக் கழற்றி உள்ளே படிந்த பிசுக்கைச் சுரண்டுவோம். அப்போதுதான் தெரியும்: இங்கே ஒரு போல்ட் இல்லை, அங்கே ஹோஸ் வெடித்திருக்கிறது, பெல்ட் நூலாகத் தொங்குகிறது. ஆபரேட்டர் அதைப் பார்ப்பார், பக்கத்திலிருப்பவரிடம் காட்டுவார். அப்புறம் சந்தனம், குங்குமம், பூசணிக்காய், பொரி. மறுநாள் மெஷின் அப்படியே ஓடும்.

இந்த வருடம் துடைக்கும்போது நீங்களும் ஒரு வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மெஷினில், அந்த ஆபரேட்டரோடும் அவர் ஹெல்பரோடும் நில்லுங்கள். அவர்கள் காட்டுவதை உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பிசிறு மேசைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சாயங்காலம் பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், எழுதிக்கொண்டதில் எதை எந்தத் தேதிக்குள் சரி செய்வீர்கள் என்று எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் நின்ற ஒரு டர்னர்,
அம்பத்தூர், சென்னை.